கேஸ் தீர்ந்துபோகாது: பழைய கார் ஏசிக்கு ஒரு பாடம்

பங்குனி வெயில் ஏற ஆரம்பிச்சதும் காரைக்குடியில் எந்தக் கார் ஏசி கடைக்குப் போனாலும் ஒரே வசனம்தான் கேட்கும். "கேஸ் தீர்ந்துருச்சு தம்பி, அடிச்சுவிட்டா சரியாயிடும்." அடிப்பாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஜில்லுன்னு இருக்கும். அடுத்த வருஷம் அதே கடை, அதே வசனம், அதே செலவு.

பெட்ரோல் தீரும். வைப்பர் தண்ணி தீரும். ஏசி கேஸ் தீராது. அது எரிஞ்சு போற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு பொருள். ரப்பர் ஓஸ் வழியா வருஷத்துக்குக் கொஞ்சம் கசியறது சகஜம்தான். ஆனா ஒவ்வொரு கோடையிலும் காலியாகுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. ஓட்டையைத் தேடாம கேஸ் மட்டும் அடிக்கிறது, பஞ்சர் ஒட்டாம டியூபுக்குக் காத்து அடிக்கிற மாதிரி.

இதை ஏன் நம்ம இதழ்ல எழுதணும்? நம்ம பக்கத்து வீடுகளைப் பாருங்க. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைன்னு எங்க போனாலும் ஷெட்டுக்குள்ள ஒரு அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800ஓ போர்வை போர்த்தி நிக்கும். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோட நின்னுபோச்சு. அதே வருஷம் மே மாசம் அம்பாசடரும் நின்னுச்சு. கார் நின்னாலும் வீட்டுக்காரங்க விடுறதில்லை. கல்யாணம், படைப்பு, முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழான்னா அதைத்தான் வெளிய எடுப்பாங்க. உங்க வீட்லயும் ஒண்ணு இருந்தா, அதோட ஏசியைச் சரி பண்ற வேலை பெரும்பாலும் "இஞ்சினியரிங் படிக்கிற பையன் இருக்கான்ல" என்று உங்க தலையிலதான் விழும்.

எங்க வீட்ல 1995 மாடல் 800 ஒண்ணு இருக்கு. அப்பத்தாவை மாசம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அதுலதான். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். மே மாசத்துல கண்ணாடியை இறக்கினா அனல், ஏத்தினா அவிச்சல். எழுபத்தெட்டு வயசுல அது தாங்காது. அதனால எங்க வீட்ல ஏசி சொகுசுக் கணக்குல வரலை. போன வருஷம் முழுசாப் பிரிச்சு வேலை பார்த்தோம். அப்போ படிச்சது, கேட்டது, அளந்தது எல்லாம் சேர்த்துத்தான் இது.

உள்ளே என்ன நடக்குது?

மெக்கானிக்கல் பசங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டுல ஓடுது. குறைஞ்ச பிரஷர்ல இருக்கிற ஆவியை இழுத்து, அழுத்தி, சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டென்சருக்கு அனுப்புது. அங்க வெளிக்காத்துக்குச் சூட்டைக் கொடுத்துட்டு ஆவி திரவமாகுது. அந்தத் திரவம் ட்ரையருக்குப் போகுது. ஈரத்தையும் பொடிக் குப்பையையும் பிடிச்சு வைக்கிற சின்ன உருளை அது. அங்கிருந்து எக்ஸ்பேன்ஷன் வால்வு. வால்வோட பொடித் துளையைத் தாண்டினதும் பிரஷர் சட்டுன்னு விழும், திரவம் கொதிக்க ஆரம்பிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டை டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயில் வழியா, நம்ம மேல வீசப்போற காத்துக்கிட்ட இருந்து எடுத்துக்கும். காத்து குளிருது. ஆவி திரும்பவும் கம்ப்ரஸருக்கு. அவ்வளவுதான். இதுல கேஸ் செலவாகுற இடம் எங்கயாவது இருக்கா? இல்லை.

கேஜைப் பார்த்து ஏமாறாதீங்க

கடையில ரெண்டு ஓஸ் மாட்டி, கேஜைப் பார்த்துட்டு "கேஸ் பாதிதான் இருக்கு" என்பாங்க. வண்டி ஓடாம நிக்கும்போது அப்படிச் சொல்லவே முடியாது. வீட்டு சமையல் சிலிண்டரை நினைச்சுக்கோங்க. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கிற வரைக்கும் பிரஷர் மாறாது. முழு சிலிண்டரும் கால் சிலிண்டரும் ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு இருக்குன்னு அம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? தூக்கி ஆட்டிப் பார்க்கிறாங்க. அதாவது எடை. கார் ஏசியிலும் அதேதான். நிக்கிற வண்டியில் பிரஷரை முடிவு பண்றது வெப்பநிலை மட்டும். 30 டிகிரியில் ஆர்-134ஏ கேஸ் கேஜ்ல சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும், பழைய ஆர்-12 சுமார் 93. உள்ளே 100 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான்.

இதே உண்மையை நமக்கு சாதகமாவும் திருப்பலாம். காலையில எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, வண்டி முழுக்க ஒரே சூட்டுல இருக்கும்போது கேஜ் மாட்டுங்க. வெளி வெப்பநிலை 30. கேஜ் 97 காட்டினா உள்ளே 134ஏ இருக்க வாய்ப்பு அதிகம். 120, 130 காட்டினா காத்து கலந்திருக்கு, இல்லைன்னா யாரோ ரெண்டு கேஸைக் கலந்து அடிச்சிருக்காங்க. 97க்கு ரொம்பக் கீழ இருந்தா உள்ளே திரவமே இல்லை, பெரிய ஒழுக்கு. பழைய வண்டி வாங்கும்போது செய்ய வேண்டிய முதல் டெஸ்ட் இதுதான். அஞ்சு நிமிஷ வேலை.

அப்போ எவ்வளவு கேஸ் போடணும்? தராசு வச்சு, கிராம் கணக்குல. "சைட் கிளாஸ்ல குமிழி போயிடுச்சு, போதும்" என்கிற பழக்கம் ஆர்-12 காலத்துது. 134ஏல குமிழி போற வரைக்கும் அடிச்சா அளவுக்கு மேல போக வாய்ப்பு இருக்கு. கேஸ் அதிகமானா குளிர் கூடாது. கண்டென்சர்ல திரவம் தேங்கி இடம் அடைச்சு, பிரஷர் ஏறி, குளிர் குறையும்.

ஆர்-12 எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சு

1930க்கு முன்னாடி ஃபிரிட்ஜ்ல அமோனியா, சல்பர் டைஆக்சைடு, மெத்தில் குளோரைடுன்னு விஷமா இருந்துச்சு. தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடிச்ச ஆர்-12 எரியாது, மூச்சடைக்க வைக்கும் நாத்தமும் இல்லை. 1940 மாடல் பேக்கர்ட் கார்ல இருந்து உலகம் முழுக்கக் கார் ஏசி அதுலதான் ஓடுச்சு. 1974ல மொலினாவும் ரோலண்டும் இந்த கேஸ் மேல போய் ஓசோனைத் தின்னுதுன்னு எழுதினாங்க. 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1995ல க்ரூட்சனோட சேர்த்து மூணு பேருக்கும் நோபல். எங்க கார் ஆர்-12 ரொப்பிக்கிட்டு வெளிய வந்த அதே வருஷம்!

இந்தியா 1992ல ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு. 2003ல இருந்து புது கார் ஏசியில் ஆர்-12 போடத் தடை. 2008ல நாட்டுக்குள்ள உற்பத்தியே நின்னுச்சு. உற்பத்தி பண்ணின நாலு நிறுவனங்கள்ல ஒண்ணு நம்ம மேட்டூர்ல இருக்கிற கெம்ப்ளாஸ்ட். ஆக, இன்னைக்கு ஒருத்தர் "ஒரிஜினல் ஆர்-12 இருக்கு, போட்டுத் தர்றேன்" என்றால் அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பழைய வண்டியில இருந்து பிடிச்சதா இருக்கலாம். இல்லைன்னா வேற ஏதோ ஒண்ணு. அந்த "வேற ஏதோ ஒண்ணு" தான் என்னை இதை எழுத வச்சது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்

ஆர்-12க்குப் பதிலா எதையும் மாத்தாம அப்படியே அடிக்கலாம்னு சில கடைகள்ல ஒரு கேஸ் சொல்வாங்க. நல்லாவும் குளிரும், ஆயில் மாத்த வேணாம், விலையும் கம்மி. அது புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த கலவை. புரியுற மாதிரி சொன்னா, எல்பிஜியோட சுத்தமான அண்ணன்.

நல்லா குளிருதுங்கிறது உண்மைதான். குளிரூட்டும் பொருளா புரொப்பேன் ரொம்ப நல்ல பொருள். ஆனா கூலிங் காயில் எங்க இருக்கு? காருக்குள்ள, உங்க முழங்காலுக்கு முன்னாடி. ஹைட்ரோகார்பன் லேசு, ஆர்-12 எடையில் சுமார் 40 சதவீதம் போட்டாலே போதும். 600 கிராம் ஆர்-12 பிடிக்கிற வண்டிக்கு ஏறக்குறைய 250 கிராம். முழுக்க புரொப்பேன்னு வச்சுக்குவோம். மோலார் நிறை 44, அப்போ 5.7 மோல். 30 டிகிரியில் ஒரு மோல் கிட்டத்தட்ட 25 லிட்டர். மொத்தம் 140 லிட்டர் ஆவி. சின்னக் கார் கேபின் 2,300 லிட்டர்னு வச்சா, 6 சதவீதம்.

புரொப்பேன் காத்தோட 2.1 சதவீதம் கலந்தா தீப்பிடிக்கும். 9.5 சதவீதம் வரைக்கும் பிடிக்கும். நம்ம விடை சரியா நடுவுல உட்கார்ந்திருக்கு. காயில் உடைஞ்சு பாதி கேஸ் வந்தாலும் 3 சதவீதம், அதுவும் அந்த எல்லைக்குள்ளதான். ராத்திரி முழுக்க கண்ணாடி ஏத்தி ஷெட்ல நிக்கிற வண்டி. காலையில கதவைத் திறந்து உட்கார்ந்து, ப்ளோயர் சுவிட்சைத் திருகறீங்க. பழைய ப்ளோயர் மோட்டார் பிரஷ்ல தீப்பொறி வராம இருந்ததே இல்லை.

"வீட்டு ஃபிரிட்ஜ்ல ஆர்-600ஏ இருக்கே, அது எரியாதா?" நல்ல கேள்வி, ஹாஸ்டல்ல என்கிட்ட ரெண்டு பேர் கேட்டாங்க. எரியும். ஆனா அதுல சில பத்து கிராம்தான் இருக்கும், தரக்கட்டுப்பாட்டு வரம்பே காலங்காலமா 150 கிராம். குழாய் எல்லாம் பற்றவச்சு மூடினது, சுவிட்சுகளைத் தீப்பொறி படாத மாதிரி வச்சிருப்பாங்க, ஃபிரிட்ஜ் செக்காலை ரோட்டுப் பள்ளத்துல குதிக்கிறதும் இல்லை, லாரி பின்னாடி போய் இடிக்கிறதும் இல்லை. காருக்குன்னு வடிவமைச்சு, காயிலை வெளிய வச்சு, சென்சார் போட்டா புரொப்பேன் வேற கதை. முப்பது வருஷப் பழைய காயில்ல அதை ஏத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், அப்பத்தா உட்கார்ற வண்டியில நிச்சயமா மாட்டேன்.

அடுத்தது போலி 134ஏ. 2011ல கப்பல் குளிர்பெட்டிகள் சிலது வேலை பார்க்கும்போதே வெடிச்சுச்சு. வியட்நாம்லயும் பிரேசில்லயும் சேர்த்து மூணு தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. ஆராய்ஞ்சு பார்த்தா 134ஏன்னு சொல்லி அடிச்ச கேஸ்ல மெத்தில் குளோரைடு கலந்திருந்துச்சு. ஆமா, 1930ல ஆர்-12 வந்து துரத்திவிட்ட அதே பழைய விஷம். அது அலுமினியத்தோட சேர்ந்தா, காத்து பட்டதும் தானா தீப்பிடிக்கிற ஒரு பொருளை உண்டாக்கும். கார் ஏசியில கண்டென்சர், காயில், கம்ப்ரஸர் பாடின்னு எல்லாமே அலுமினியம். அதனால பில் தர்ற இடத்துல, சீல் உடைக்காத, கம்பெனி பேரு போட்ட கேன் மட்டும் வாங்குங்க. இருபது முப்பது ரூபா மிச்சம் பார்க்கிற இடம் இது இல்லை.

ஆர்-12ல இருந்து 134ஏவுக்கு மாறும்போது

முதல்ல உங்க வண்டியில எது இருக்குன்னு தெரியணும். பானெட்டைத் திறந்தா உள்பக்கமோ ரேடியேட்டர் மேலயோ ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் பேரும் கிராம் அளவும் எழுதியிருப்பாங்க. ஸ்டிக்கர் போயிருந்தா சர்வீஸ் வால்வைப் பாருங்க. மரை போட்ட ஒல்லி வால்வா இருந்தா ஆர்-12. மரை இல்லாம, கப்ளரை அழுத்தி மாட்டுற தடிச்ச வால்வு, ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசுன்னா 134ஏ.

சரி, மாறணும்னா ஏன் கேஸை மட்டும் மாத்தக் கூடாது? ஆயில்தான் காரணம். கம்ப்ரஸருக்குத் தனி ஆயில் பம்ப் பெருசா கிடையாது. கேஸோட கலந்து ஊர் சுத்திட்டுத் திரும்பி வர்ற ஆயில்தான் அதுக்கு உயிர். பழைய மினரல் ஆயில் ஆர்-12ல நல்லா கரையும். 134ஏல கரையாது. கேஸ் சுத்தும், ஆயில் மட்டும் கூலிங் காயில்ல போய்ப் படுத்துக்கும். கம்ப்ரஸர் வறண்டு, சூடாகி, ஒருநாள் இறுகி நிக்கும். "134ஏ அடிச்சேன், கம்ப்ரஸர் போச்சு, அந்த கேஸே மோசம்" என்கிற கதைகள் நிறையக் கேட்டிருப்பீங்க. பாவம், கேஸ் மேல தப்பில்லை.

எனவே பழைய ஆயிலை வடிச்சு, குழாய், கண்டென்சர், காயில் மூணையும் ஃபிளஷ் பண்ணி, புது ஆயில் ஊத்தணும். 134ஏக்கு பி.ஏ.ஜி., எஸ்டர்னு ரெண்டு வகை ஆயில் இருக்கு. புது வண்டியில பி.ஏ.ஜி. பழைய வண்டியை மாத்தும்போது எஸ்டர் பாதுகாப்பு, ஏன்னா மூலையில கொஞ்சம் பழைய ஆயிலும் குளோரினும் மிச்சம் இருந்தாலும் அது பொறுத்துக்கும். ரெண்டுமே ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

ட்ரையரைக் கட்டாயம் மாத்தணும். "ட்ரையர் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு தம்பி வீண் செலவு?" என்று எங்க மெக்கானிக் அண்ணன் கேட்டார். அண்ணன் தங்கமான மனுஷன், கை சுத்தம், ஆனா அவர் பழகினது ஆர்-12 காலத்துல. உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் மணிகள் ஆர்-12க்குன்னு செஞ்சது, 134ஏவும் அதோட ஆயிலும் பட்டா பொடிஞ்சு வால்வை அடைக்கும்னு சொன்னேன். பழைய ட்ரையரை ஆக்சா பிளேடால அறுத்துக் காட்டினார். உள்ளே காப்பித்தூள் மாதிரி கருப்பா கொட்டுச்சு. அதுக்கப்புறம் வாக்குவாதம் இல்லை. ஓ-ரிங் எல்லாத்தையும் 134ஏக்கு ஏத்த பச்சை நிற ரப்பருக்கு மாத்தினோம். செலவு ரொம்பக் கம்மி, ஒழுக்கு பாதி அதுலயே நின்னுடும்.

அடுத்து கண்டென்சர். ஆயிலுக்கு அடுத்தபடியா என்னைக் கேட்டா முழு வேலையிலயும் முக்கியமான இடம் இதுதான். கூலிங் காயில் 0 டிகிரியிலயும் கண்டென்சர் 60 டிகிரியிலயும் ஓடுதுன்னு வைங்க. மே மாசக் காரைக்குடிக்கு 60 சாதாரணம். ஆர்-12க்கு உள்ளே போற பிரஷர் 3.1 பார், வெளிய வர்றது 15.3 பார். 134ஏக்கு 2.9ம் 16.8ம். எல்லாம் அப்சொல்யூட் பிரஷர். வகுத்துப் பாருங்க: ஆர்-12க்கு 4.9 மடங்கு, 134ஏக்கு 5.7 மடங்கு அழுத்தணும். அதே கம்ப்ரஸர், அதே 796 சிசி எஞ்சின், கூடுதல் சுமை. பழைய பாம்புக் குழாய் கண்டென்சர் அந்தச் சூட்டைத் தள்ள முடியாம 70 டிகிரிக்குப் போனா 21 பார். அப்போ பெல்ட் கத்தும், எஞ்சின் சூடாகும், காத்து மட்டும் வெதுவெதுன்னு வரும்.

பேரலல் ஃப்ளோன்னு சொல்ற, தட்டைக் குழாய்கள் நிறைய வரிசையா இருக்கிற கண்டென்சர் அதே இடத்துல உட்காரும். சூட்டைத் தள்ளறதுல பழசை விட எவ்வளவோ மேல். முன்னாடி ஒரு நல்ல ஃபேன் வேணும், ஏன்னா ரயில்வே கேட்ல நிக்கும்போது காத்தைத் தள்ள வேற ஆளில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற சந்தை ஃபோம் வச்சு அடைங்க, இல்லைன்னா சூடான காத்தே திரும்பச் சுத்தி வரும். ஹை பிரஷர் கட்-ஆஃப் சுவிட்ச் பழைய வண்டியில இருக்காது, இருந்தாலும் செத்திருக்கும். போடுங்க. சின்னப் பொருள், கம்ப்ரஸரைக் காப்பாத்தும்.

கம்ப்ரஸர் நல்லா இருந்தா மாத்த வேண்டாம். நிறையப் பேர் முதல்ல அதைத்தான் மாத்துறாங்க, பணம் அங்கதான் போகுது.

ஒழுக்கைத் தேடுவது

கேஸ் ஒழுகுற இடத்துல ஆயிலும் சேர்ந்து வரும், அதுல தூசி ஒட்டும். எனவே முதல் கருவி கண்ணும் டார்ச் லைட்டும்தான். ஓஸ் கிரிம்ப் பண்ணின இடம், கம்ப்ரஸர் முன்பக்க ஷாஃப்ட் சீல், கண்டென்சர் இணைப்பு, சர்வீஸ் வால்வு ஊசி. கருப்புக் கறை எங்க இருக்கோ அங்க சந்தேகம். அப்புறம் வீட்டு ஏசி மெக்கானிக்கிட்ட இருக்கிற நைட்ரஜன் சிலிண்டர். ரெகுலேட்டர் போட்டு 150 பி.எஸ்.ஐ. ஏத்தி, ஷாம்பு நுரை தடவினா குமிழி சொல்லும். பஞ்சர் கடைக் காத்து வேண்டாம், அதுல ஈரம் இருக்கு. வெல்டிங் கடை ஆக்சிஜன் கூடவே கூடாது. ஆயிலோட சேர்ந்தா குண்டு.

நம்ம ஊர் வண்டிகளுக்குன்னே ஒரு ஒழுக்கு இருக்கு. ஷாஃப்ட் சீல் ஆயில்ல நனைஞ்சிருந்தாத்தான் அடைச்சு நிக்கும். மாசக்கணக்கா ஓட்டாம, திருவிழாவுக்குத் திருவிழா எடுக்கிற வண்டியில சீல் காய்ஞ்சு கேஸ் விடும். எங்க 800ல அதுவும் ஒரு ஓஸ் கிரிம்ப்பும்தான் வில்லன்கள். வாரம் ஒருநாள், மார்கழிக் குளிரா இருந்தாலும், பத்து நிமிஷம் ஏசி போட்டு ஓட்டுங்க.

தொண்டி, ராமேஸ்வரம்னு கடல் பக்கம் அடிக்கடி போற வண்டின்னா கண்டென்சரைத் தண்ணி விட்டுக் கழுவுங்க. அலுமினியத்தை உப்பு எப்படித் தின்னும்னு தெரிஞ்சுக்க நாம தூரம் போக வேண்டாம். நம்ம சிக்ரி 1953ல இருந்து இங்கதான் இருக்கு; கடல் அரிப்பைப் பத்தி ஆராய மண்டபத்துல தனி நிலையமே வச்சிருக்காங்க. பழைய வண்டியில தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்துல அரிப்பு இன்னும் வேகம், முதல் வருஷ கெமிஸ்ட்ரியில கால்வானிக் சீரிஸ் மனப்பாடம் பண்ணினோமே, அதுதான். காயில்ல ஓட்டை விழுந்தா எபாக்ஸி பசை வச்சு அடைக்காம புதுசு போடுங்க.

வேக்கம்

அவசரத்துல எல்லாரும் தாண்டிப் போற வேலை. கொஞ்சம் கேஸை விட்டு உள்ளே இருக்கிற காத்தை வெளிய தள்ளிட்டு "வேக்கம் ஆயிடுச்சு" என்பாங்க. காத்து ஓரளவு போகும், ஈரம் போகாது. குழாய்க்குள்ள இருக்கிற தண்ணியை எடுக்க ஒரே வழி, அதை ஆவியாக்குறது. 30 டிகிரியில் தண்ணி கொதிக்கணும்னா பிரஷர் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழ இறங்கணும், அதாவது கேஜ் முள் 29 இஞ்சைத் தொடணும். நல்ல பம்ப் வச்சு 45 நிமிஷம் இழுத்து, வால்வை மூடி, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்க. ஏறினா இன்னும் ஒழுக்கு இருக்கு, கேஸ் போடாதீங்க.

ஈரம் விட்டுப்போனா எப்படித் தெரியும்? இருபது நிமிஷம் நல்லா குளிரும், அப்புறம் வெறும் காத்து வரும், நிறுத்தி வச்சுட்டுப் போட்டா திரும்பக் குளிரும். வால்வு துளையில தண்ணி பனிக்கட்டியா அடைச்சு, பிறகு உருகுது. காத்தோட வேகமே குறைஞ்சு போனா அது வேற. காயில் மேல ஐஸ் பிடிச்சிருக்கு, தெர்மோஸ்டாட்டைப் பாருங்க.

கேஸ் போடும்போது பழைய ஆர்-12 எடையில் 80 சதவீதத்துல ஆரம்பிங்க. ஸ்டிக்கர் 600னா 480 கிராம். எஞ்சினை 1,500 ஆர்.பி.எம்.ல வச்சு, வென்ட்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் சொருகி, 20, 20 கிராமா ஏத்துங்க. குளிர் ஏறாம நிக்கிற இடத்துல நிறுத்திடுங்க. 90 சதவீதத்தைத் தாண்டாதீங்க. எல்லாம் சரியா இருந்தும் குளிர் பத்தலைன்னா ஹீட்டர் வால்வைப் பாருங்க. பழைய வண்டியில அது முழுசா மூடாம எஞ்சின் வெந்நீரை உள்ளே விட்டுக்கிட்டே இருக்கும். ஏசி ஒரு பக்கம் குளிராக்க, ஹீட்டர் மறுபக்கம் சூடாக்கும்.

இவ்வளவு செலவு தகுமா? வண்டியோட ஆர்.சி. எப்போ முடியுது, பாடி துரு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவெடுங்க. ரெண்டு வருஷத்துல கொடுக்கப்போற வண்டின்னா ஒழுக்கை மட்டும் அடைச்சுட்டு விடலாம். வச்சுக்கப் போறீங்கன்னா இப்பவே பண்ணிடுங்க. 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனா பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டைஆக்சைடை விட 1,430 மடங்கு. 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021ல ஏத்துக்கிட்டதால 2028ல இந்த வகை கேஸ்களோட அளவுக்கு உச்சவரம்பு வருது, 2032ல இருந்து குறைப்பு ஆரம்பம். இப்போ கிடைக்கிற மாதிரி எப்பவும் மலிவா கிடைக்காது. அதே காரணத்துக்காக, பழைய கேஸைக் காத்துல திறந்து விடாம, பிடிச்சு வைக்கிற மெஷின் இருக்கிற கடையாப் பாருங்க. மதுரை, திருச்சியில கிடைக்கும்.

வேலை முடிஞ்சதும் பழைய வால்வுல 134ஏ அடாப்டர் மாட்டுங்க, அடுத்த ஆள் தெரியாம ஆர்-12 ஓஸைப் போடக் கூடாது. பானெட் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. கேஸ் பேரு, எத்தனை கிராம், என்ன ஆயில், எத்தனை மில்லி, தேதி. பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதி மேல செல்லோ டேப் ஒட்டுங்க, இல்லைன்னா எஞ்சின் சூட்டுல ஒரு கோடையிலயே அழிஞ்சுடும்.